‘பார்’ என்று ஒரு பட்டன்

போன வாரம் உங்களில் ஒருவர் நம் பிழைப் பட்டியலில் ஒரு குறிப்பு போட்டிருந்தார். கரைப்படம் செயலியில் ‘பார்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் எதுவும் திறக்கவில்லை, எதையும் காட்டவில்லை, யாரோ மொழிபெயர்ப்பில் சொதப்பியிருக்கிறார்கள், நான் சரிசெய்துவிடட்டுமா என்று. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். கனி அதை எனக்கு அனுப்பி, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்த வரியில் ஒரு சிரிப்பு இருந்தது. ஏனென்றால் சொதப்பியவன் நான்தான்.

ஓய்வுபெற்றவனிடம் கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில் வராது. இந்த அறக்கட்டளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதைச் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள். நிரல் எழுதுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர முடியாது. அதில் நீங்கள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவீர்கள். ஆனால் ஒரு பட்டனுக்குப் பெயர் வைத்து ஒரு மனிதனின் கடலை எப்படிப் பறிகொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் கடல் வரைபடம் வரைந்தவன். ஆழம் அளக்கும் படகு எண்களைக் கொண்டுவரும். அதைத் தாளில் ஏற்றுவது என் வேலை. பிறந்தது தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர். வயல் தெரியும், வாய்க்கால் தெரியும். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் தெரிந்ததுதான். தூத்துக்குடியிலேயே வேலை பார்த்தும் அலை மேல் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போனபோதெல்லாம் வாந்தி எடுத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. மசியால் வரைந்துகொண்டிருந்த காலம். நான் வரைந்து முடித்த தாளில் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டுப் போய்விட்டது. காய்ந்த பிறகு அது அசல் பாறைக் குறி போலவே இருந்தது. நான் கவனிக்கவில்லை. பிரதி எடுத்தவரும் கவனிக்கவில்லை. அடுத்த இரண்டு வருடம் இழுவைப் படகுகள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு நாள் யாரோ சந்தேகப்பட்டு அளந்து பார்த்தார்கள். கீழே நல்ல ஆழம், வெறும் மணல். திருத்திய படம் வந்தது. அப்புறமும் ஒரு படகோட்டி அந்த இடத்தைச் சுற்றியே போனார். ஏன் என்று கேட்டதற்கு, “படத்துல எடுத்துட்டாவ, சரி. கடல்ல எடுத்தாவளா?” என்றாராம். அலுவலகத்தில் எனக்கு ‘ஈப்பாறை’ என்று பெயர் வைத்தார்கள். ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது பின்னால் ஒரு முறை வேலைக்கு வந்தது.

ஓய்வுபெற்ற பிறகுதான் கனியை, முழுப் பெயர் செல்வக்கனி, எனக்குத் தெரியும். மாப்பிள்ளையூரணியில் அவள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து அவள் கரைப்படத்தை எழுதிக்கொண்டிருந்தாள். இந்தக் கரைக்கு என்று ஒரு வரைபடம், போனில் ஓடுவது, சிக்னல் இல்லாத கடலிலும் வேலை செய்வது. கட்டற்ற மென்பொருள். அதாவது, அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். சொந்தமாக வைத்துக்கொண்டால் நாலு காசு பார்க்கலாமே என்று அவள் அப்பாவே கேட்டார். உப்புக்கு வந்தவர் சீரகத்துக்கும் வருவார் என்று நீங்கள்தானே அப்பா சொல்வீர்கள் என்று அவள் அவர் வாயை அடைத்துவிட்டாள். அவளுக்கு ஆழ எண்களைப் படிக்கத் தெரிந்த ஒரு கிழவன் தேவைப்பட்டான். எனக்குப் பொழுது போகவில்லை. சேர்ந்துகொண்டோம்.

கரைப்படத்தை முதலில் நம்பிக் கையில் எடுத்த மீனவர் புன்னைக்காயல் மிக்கேல். வள்ளத்தில் போய்த் தூண்டில் போடுகிறவர். நாற்பது வயது இருக்கும். எதையும் மெதுவாகக் கேட்டு, மெதுவாகச் செய்து, செய்த பின் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற ஆள். அவர் சொல்லி அந்த ஊரில் இன்னும் எட்டுப் பேர் போனில் கரைப்படம் ஏறியது.

அந்தச் சமயத்தில் கனிக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு மாதம் படுத்துவிட்டாள். இணைய முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் அவள் மின்னஞ்சலுக்குப் போய்த் தூங்கின. முகவரி காலாவதியாகி, ஒரு நாள் காலையில் கரையில் படத்தைப் புதுப்பிக்கப் போனவர்களுக்குப் படமே காணாமல் போய்விட்டது. மிக்கேல் கடைக்கே வந்துவிட்டார். கனியின் அப்பாவுக்கு அரிசியும் பருப்பும் எங்கே இருக்கிறது என்று தெரியும். படம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் பொது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, ஒரு பெண்ணின் ஈரலை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்ததும் பேசினோம். படமும், நிரலும், முகவரியும் தனி ஆள் பேரில் இருக்கக் கூடாது. சங்கம் என்றால் தேர்தல் வரும், தேர்தல் வந்தால் சண்டை வரும் என்றாள் கனி. லாபம் பார்க்காத கம்பெனி என்று ஒன்று உண்டு என்றேன். அப்பாவிடம் சொன்னால் சிரித்தே சாவார் என்றாள். கடைசியில் அறக்கட்டளை. பத்திரத்தின் வாசகத்தை நான் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது: ‘கரைப்படமும் அதில் சேரும் எல்லாத் தகவலும் எல்லோருக்கும் பொது.’ இரண்டு ‘எல்லா’ ஒரே வரியில். படித்துப் படித்துப் பூரித்தேன். வெளியூர்க் கம்பெனி ஒன்று முதல் இரண்டு வருடச் செலவை ஏற்பதாக எழுதியிருந்தது. அவர்களுக்கும் அந்த வாக்கியம்தான் பிடித்திருந்தது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே அவர்கள் நிபந்தனை. ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்து, அவர்களும் வருவார்கள் என்று முடிவாயிற்று.

இனி பட்டனுக்கு வருகிறேன். ஓர் இடத்தைக் குறிக்கும்போது திரையில் இரண்டு பட்டன் வரும். ஒன்று ‘சேமி’: அந்த இடம் உங்கள் போனோடு இருக்கும். இன்னொன்று, அந்த இடத்தை எல்லோர் படத்திலும் காட்டுவது. அதற்கு ‘பொதுப்பார்வைக்கு வை’ என்று எழுதியிருந்தோம். சின்ன போனில் எழுத்து வெளியே பிதுங்கியது. கனி என்னிடம் கேட்டாள். ‘பார்’ என்று போடு, போதும் என்றேன். இரண்டே எழுத்து, கச்சிதம், நல்ல தமிழ். என் மேதாவித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்தக் கரையில் பார் என்றால் என்னவென்று வெளியூரில் இருந்து வந்த உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி விளைந்ததும் பாரில்தான், கலவாய், விளமீன் மாதிரி நல்ல விலை மீன்கள் அடைவதும் பாரில்தான். ஒரு குடும்பம் தலைமுறையாகத் தேடிக் கண்டுபிடித்த பாரை வெளியே சொல்லாது. மச்சானிடம்கூடச் சொல்லாது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றின் மேல் ஒன்று வரும்படி பார்த்து, அந்தக் கோட்டிலே போய் நிறுத்துவார்கள். எது எது என்பது தகப்பன் மகனிடம் மட்டும் சொல்வது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தச் சொல்லை முப்பது வருடம் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதினேன். தமிழில் எழுதியபோது வயக்காட்டான் கண்ணுக்கு அது பார்வையாகத்தான் தெரிந்தது. கனிக்கு நிரல் தெரியும், பலசரக்கு தெரியும். ஆக, பார்த்தவர்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை, மத்தியானம், மிக்கேல் மாடிப்படி ஏறி வந்தார். கனி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்திருந்தாள். சாப்பிடுங்க அண்ணே என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார்.

காலையில் அவர் தன் அப்பா வழிவந்த பாருக்குப் போயிருக்கிறார். அங்கே வேறு கரையைச் சேர்ந்த மூன்று ஃபைபர் படகுகள் நங்கூரம் போட்டு நின்றிருக்கின்றன. இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒருவர் சிரித்த முகமாகவே தன் போனைக் காட்டி, “இதுதான சூசை பார்? நல்லா மீன் கிடக்கு அண்ணே” என்றிருக்கிறார். சூசை, மிக்கேலின் அப்பா பெயர். செத்து ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பெயரை மிக்கேல்தான் போனில் அடித்து வைத்திருந்தார்.

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை மேசையில் வைத்துவிட்டு, “நான் எங்கன தப்பா அமுக்குனேன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார்.

கனி கணினியில் பதிவுகளைத் திறந்தாள். கடலுக்குள் வரிசையாகப் புள்ளிகள். மிக்கேலுடையது மட்டுமல்ல, அவர் சொல்லிக்கொடுத்த எட்டுப் பேருடையதும். எல்லாமே பொதுவில் வைக்கப்பட்டவை. சேமிக்க இன்னொரு பட்டன் இருந்ததே, இதை ஏன் அமுக்கினீர்கள் என்று நான் கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “அதுல ‘பார்’னு போட்டிருந்துச்சுல்லா. அதான் பாரை எல்லாம் அதுல போட்டோம். பாருக்குன்னே தனியா பட்டன் வச்சிருக்காவ, நம்ம தொழிலைத் தெரிஞ்சு செஞ்சிருக்காவன்னு ஊர்லயும் சொன்னேன்.”

கனி கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அந்தப் பட்டனைப் பார்த்தேன். அத்தனை மாதம் கழித்து முதல் முறையாக, இந்தக் கரைக்காரன் கண்ணால் அந்தச் சொல்லைப் படித்தேன். வேறு எப்படியும் அதைப் படிக்க முடியாது. 

மிக்கேல் போன பிறகு கனி ஒரு மணி நேரத்தில் கடல் புள்ளிகள் அத்தனையையும் பொதுப்படத்திலிருந்து எடுத்துவிட்டாள். ஆனால் எடுத்து என்ன? கட்டற்றது, யாரும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர்களே நாங்கள். எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் யார் போனில் சூசை பார் இருக்கிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். படத்தில் எடுக்கலாம், கடலில் எடுக்க முடியாது.

அப்போது என் புத்தி போன போக்கை மறைக்காமல் சொல்கிறேன். மற்ற எட்டுப் பேருக்கும் இன்னும் விஷயம் தெரிந்திருக்காது. நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ‘பயனர் ஒருவர் பொத்தானைத் தவறாக அழுத்தியதால் சில புள்ளிகள் வெளியாகின, சரிசெய்யப்பட்டது.’ ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கனி அதைப் படித்துவிட்டு, “மிக்கேல் அண்ணன் எங்க தப்பா அமுக்குனாரு அண்ணாச்சி?” என்றாள். வெள்ளிக்கிழமை தாண்டட்டும், அப்புறம் பேசலாம் என்று எரிந்து விழுந்தேன். இரண்டு வருட உழைப்பு, அவள் காமாலையோடு செய்த வேலை எல்லாம் ஒரு கையெழுத்தில் நிற்கும்போது இவள் கேள்வி கேட்கிறாளே என்று இருந்தது. அவள் கடிதத்தைத் திருப்பித் தந்தாள். நான் அதை அனுப்பவில்லை, கிழிக்கவும் இல்லை.

புதன்கிழமை காலை, பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் அம்மாளிடம் போனேன். அவர் பெயரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு தகரக் கூரை, ஒரு கணினி, சுற்றிலும் காத்திருக்கும் ஜனம். எங்கள் பத்திரத்தை அவர்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் பொன்னான வாக்கியத்தில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, எல்லாத் தகவலும்னு எழுதியிருக்கீங்க. எதெல்லாம் எல்லாம்?”

எல்லாம் என்றால் எல்லாம்தான் என்றேன். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். நிலப் பத்திரத்தில் நான்கு எல்லையும் சொல்லாமல் ஒரு சென்ட் இடம் கை மாறாது, கிழக்கே யார், மேற்கே எது என்று ஒரு வேலி விடாமல் எழுத வேண்டும் என்றார். இது நிலம் இல்லையே என்று சமாளித்தேன். பேச்சுவாக்கில், இந்த வாரம் ஒரு பயனர் தவறாக அமுக்கி ஒரு சிக்கலாகிவிட்டது என்றும் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அனுதாபம் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “நான் ஒரு எல்லையை விட்டுட்டு எழுதிட்டேன்னு வைங்க. வாங்குனவன்லா கோர்ட்டுக்கு அலைவான். அவன் சரியாப் படிக்கலன்னு நான் சொல்லலாமா?” என்றார். சொல்லிவிட்டு, காத்திருந்த அடுத்த ஆளின் காகிதத்தை வாங்கிப் பார்க்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது.

பத்திரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து கனிக்குப் போன் செய்தேன். நாளைக்குப் புன்னைக்காயல் போகிறோம் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம், வள்ளங்கள் கரை சேர்ந்த பிறகு, கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஊர்க் கமிட்டியார் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நுழையும்போதே தெரிந்துவிட்டது, விஷயம் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. மற்றவர்களின் பாரிலும் படகுகள் வந்துவிட்டன. மிக்கேல் ஓரத்தில் தனியாக நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் மூன்று நாளாக என்ன சொல்லியிருக்கிறார் என்று அங்கேதான் தெரிந்தது. எனக்குப் படிக்கத் தெரியாமல் நான்தான் தப்பாக அமுக்கினேன், உங்களுக்கும் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நான் என் கடிதத்தில் எழுதியிருந்த அதே பொய்யை, அந்த மனிதர் எங்களைக் காப்பாற்றத் தானாகவே சொல்லிக்கொண்டு நின்றார்.

நான் எழுந்து, அவர் தப்பாக எதையும் அமுக்கவில்லை என்றேன். அந்தச் சொல்லை வைத்தது நான். நீங்கள் படித்ததுதான் சரியான படிப்பு. இந்தக் கரைக்குப் படம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் நினைக்காதது என் குற்றம். கடலில் ஒரு நாள்கூட உங்களோடு வந்து நாங்கள் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.  கமிட்டித் தலைவர் உட்காரச் சொன்னார்.

ஒருவர் கோபமாக எழுந்தார். அவருடைய பாரும் போயிருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. போன புள்ளிகளைத் திருப்பி எடுக்க முடியாது, சரி. ஆனால் இல்லாத இடத்தில் எல்லாம் நூறு பார் போட்டுவிடுங்கள். எது நிசம் எது பொய் என்று வருகிறவன் திண்டாடட்டும். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினால் அப்புறம் வர மாட்டான். மண்டபமே தலையாட்டியது. கனி என்னைப் பார்த்தாள். அவளால் அதை ஒரு மணி நேரத்தில் செய்ய முடியும். செய்தால் மிக்கேல் பிழைப்பார், நாங்களும் பிழைப்போம். தப்பு செய்தவன் பரிகாரமாகக் கேட்கப்படுவதை மறுக்க முடியுமா? எனக்கும் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது.

சொல்லவில்லை. ஈப்பாறைக் கதையைச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார். இல்லாத பாறை ஒன்றைப் படத்தில் போட்டால் அது என்றைக்கும் போகாது. கச்சான் என்கிற மேல்காற்று வீசும் நாளில், தவித்து ஒதுங்கும் ஒருவன் அந்தப் படத்தை நம்பி, இல்லாத பாறைக்குப் பயந்து தப்பான பக்கம் திரும்புவான், அவன் உங்கள் ஊர்க்காரனாகவும் இருக்கலாம் என்றேன். இல்லாததைப் படத்தில் காட்ட என்னால் முடியாது, என்னை மன்னிக்க வேண்டும்.

கோபக்காரர் விடவில்லை. “இருக்கதைக் காட்டுனதுலதான அண்ணாச்சி எங்க பார் போச்சு?”

 ஆமாம் என்றேன். அப்புறம், யோசித்துக்கொண்டே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்: இல்லாததைக் காட்ட மாட்டோம். ஆனால் இருப்பதை எல்லாம் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. எதைக் காட்டலாம் என்பதை அதைக் கண்டுபிடித்தவர்தான் சொல்ல வேண்டும். நிரல் எல்லோருக்கும் பொது. பார் பொது இல்லை.

 தலைவர், “இப்பச் சொன்னதை எழுதித் தாங்க. பத்திரத்துலயே இருக்கட்டும்” என்றார். எங்கள் மன்னிப்பை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தைத்தான் கேட்டார். எழுதுகிறோம், அந்தப் பட்டனையும் இன்றைக்கே எடுத்துவிடுகிறோம் என்றாள் கனி.

அப்போதுதான் மிக்கேல் முதல் முறையாக வாயைத் திறந்தார். “பட்டனை எடுக்காதீங்க கனி. பாருக்கு ஒரு இடம் வேணும்லா. அது அங்கனயே இருக்கட்டும். வெளிய போகாம மட்டும் பாத்துக்கிடுங்க.”

கனி அப்படியே மாற்றினாள்: அதில் வைத்தது வைத்தவர் போனைத் தாண்டாது. சாயங்காலம் அந்தக் கம்பெனிக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பயனர் தவறு என்று எழுதியிருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டுத்தான் பேசினேன். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். எல்லாத் தகவலும் பொது என்றால்தான் தங்கள் விதிப்படி உதவ முடியும் என்று வருத்தத்தோடு சொன்னார். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. கனி கீழே கடையில் அப்பாவோடு உட்கார்ந்து நாள் முழுக்கச் சீனி பொட்டலம் கட்டினாள். நான் எதிரில் உட்கார்ந்து நூல் சுற்றினேன். சீனி தீர்ந்ததும் அவள் அப்பா, நல்ல காரியம் கொஞ்சம் தள்ளித்தான் நடக்கும் என்றார். அவர் எங்களுக்காகச் சொன்ன ஒரே ஆறுதல் அதுதான்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரம் பதிவாயிற்று. நீங்கள் சேர்ந்த அன்று கையில் கொடுத்திருப்பார்களே, அதில் பதினோராவது பிரிவு இரண்டு பக்கம் ஓடுகிறது என்று முணுமுணுத்திருப்பீர்கள். அது அந்தப் பத்திரம் எழுதும் அம்மாள் என்னை உட்கார வைத்து நான்கு எல்லையும் கேட்டு எழுதியது. எது பொது, எது பொது அல்ல, யார் சொன்னால் பொது ஆகும், சொன்னவர் மனம் மாறினால் என்ன செய்வது. என் அழகான வாக்கியம் போய்விட்டது. அறங்காவலர்களில் முதல் கையெழுத்து மிக்கேலுடையது. நான் சொல்லித்தான் போட்டார், தயங்கித் தயங்கி. உதவி வேறு இடத்திலிருந்து, இன்னும் தாமதமாக, இன்னும் சின்னதாக வந்தது. அதில்தான் இன்றைக்கு நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். சூசை பார் போனது போனதுதான். இன்றைக்கும் அங்கே யார் யாரோ தூண்டில் போடுகிறார்கள்.  ஊரில் மிக்கேலோடு பேச்சு திரும்ப வந்துவிட்டது. கோபக்காரர்தான் முதலில் வந்து பேசினாராம். ஆனால் மிக்கேல் ஒரு வருடத்துக்கு மேல் புதுப் பார் தேடி அலைந்தார். தேடிக்கொண்டிருக்கிறார் என்பதைத் தவிர நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவரே போன் செய்து, கடலில் வந்து சோதிக்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னீர்களே, இப்போது வாருங்கள் என்றார். மாத்திரை போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். அப்படியும் இரண்டு தடவை வாந்தி. ரொம்ப தூரம் போய், இயந்திரத்தை நிறுத்தி, நங்கூரத்தை இறக்கினார். இது அவருடைய புதுப் பார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உடனே கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். எந்தக் கோபுரத்தின் மேல் எந்த மரம் வருகிறது என்பது என் கண்ணில் படக் கூடாது. போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மிக்கேல் தன் போனை எடுத்து ஒரு முறை அமுக்கினார். எந்தப் பட்டன் என்று எனக்குத் தெரியும். பிறகு என் முதுகைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன அண்ணாச்சி, அங்கன திரும்பி உக்காந்துட்டீங்க?”

வேண்டாம் மிக்கேல், எனக்குத் தெரிய வேண்டாம் என்றேன்.

“உங்களுக்குத் தெரியலாம். பாருங்க.”

திரும்பினேன். பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன்.

ஆகவே, அந்தப் பட்டனை அமுக்கினால் எதையும் காட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்தக் குறிப்பை மூடிவிடுங்கள். அது சரியாகத்தான் வேலை செய்கிறது.